சந்தா எதற்கு? தொழிற்சங்கம் இன்றைக்கும் தேவையா?

சென்ற மாதம் சம்பளம் போட்ட மறுநாள் பின்னேரம் மேட்டு லயத்துப் பக்கம் போயிருந்தோம். பிள்ளை மடுவத்துத் தண்ணீர்க் குழாய் விடயமாகத்தான் போனோம். அங்கே தோட்டக் கமிட்டித் தலைவர் ஒரு கொப்பியும் ரிசீட் புத்தகமுமாக வாசல் வாசலாக நின்று சந்தா எழுதிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் சந்தாவைச் செக்ரோலிலேயே வெட்டிவிடுவார்கள். கொடுத்தோமா இல்லையா என்று ஆளுக்கே தெரியாது. எங்கள் தோட்டத்தில் இப்போது அது நின்றுவிட்டது, கையால் எண்ணிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கையால் கொடுக்கும்போதுதான் கேள்வி வருகிறது.

கேட்டது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் தம்பி. லீவில் வீட்டுக்கு வந்திருந்தார். "எங்கம்மா எதுக்குத் தலைவரே சந்தா கட்டணும்? சம்பளத்த அரசாங்கம் கூட்டுது. ஈபிஎஃப் சட்டத்துல இருக்கு. வீட்ட டிரஸ்டு கட்டிக் குடுக்குது. ஒரு பிரச்சினைன்னா லேபர் ஆபீசுக்கு நானே போன் போட்டுப் பேசிருவேன். நடுவுல நீங்க எதுக்கு?" என்றார். தலைவருக்கு முகம் சிறுத்துவிட்டது. எம்மைப் பார்த்து, "ஐயாவே சொல்லட்டும்" என்றார்.

நாம் நலன்புரி உத்தியோகத்தர். துரை பக்கத்து ஆள் என்று லயத்தில் சொல்வார்கள், சங்கத்துக்குச் சாய்கிற ஆள் என்று காரியாலயத்தில் சொல்வார்கள். அதனால் அந்த இடத்தில் வாய் திறக்காமல், இந்த இதழில் எழுதுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். இரண்டு வார்த்தையில் சொல்லித் தப்பக்கூடிய கேள்வியாகவும் அது இல்லை.

அந்தத் தம்பி சொன்னதில் பொய் இல்லை. சட்டங்கள் இருக்கத்தான் செய்கின்றன. அவை எப்படி வந்தன என்பதைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம்.

நமது பாட்டன் பூட்டன் காலத்தில் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போவதற்குத் 'துண்டு' வேண்டும். கங்காணிக்குப் பட்ட கடன் தீர்ந்தால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய கடதாசிதான் துண்டு. கடன் தீராதபடி கணக்கு எழுதுவது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. 1921இல் சட்டம் போட்டு அந்த முறையை ஒழித்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு தொழிலாளி துரையிடம் நேரே போய் நின்று பேச முடியாது. முறைப்பாடு கங்காணி வழியாகத்தான் போக வேண்டும். கங்காணியைப் பற்றியே முறைப்பாடு என்றால் அது எந்த வழியாகப் போகும்?

1931இல் கோ. நடேசய்யர் ஹட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். அவரும் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளும் கூட்டம் போட்டுப் பேசினார்கள், பாடினார்கள், எழுத்துத் தெரிந்தவர்கள் படிக்கச் சின்னச் சின்னப் பிரசுரங்கள் அச்சடித்தார்கள். 1935இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதியலாம் என்பது அன்றிலிருந்து இருக்கிற உரிமை. ஆனால் உரிமை கடதாசியில் இருந்தபோதே, 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளி கோவிந்தன் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். அந்தப் பெயரை நமது பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒரு நாள் வாசிகசாலையில் கேட்டுப் பார்த்தோம். ஒரே ஒரு பிள்ளை கை தூக்கியது, அதுவும் பாதி.

1941இல் சம்பளச் சபைச் சட்டம் வந்தது. அந்தச் சபையில் முதலாளிமார் பிரதிநிதிகளும் தொழிலாளர் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் உட்காருவார்கள், அரசாங்கம் நியமிக்கும் ஆட்களும் சிலர் இருப்பார்கள். அரசாங்கம் சம்பளத்தைக் கூட்டுகிறது என்று தம்பி சொன்னாரே, அந்தக் கூட்டல் நடக்கும் இடம் பெரும்பாலும் இந்த மேசைதான். தொழிலாளர் பக்கத்து நாற்காலியில் தொழிற்சங்கத்து ஆட்கள்தான் இருக்கிறார்கள். சங்கம் இல்லையென்றால் அந்த நாற்காலியில் யார் உட்காருவது?

இன்னொன்று. அறுபது வயதைக் கடந்த அம்மாமார் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். 1984க்கு முன்னர் ஆம்பிளைக்கு ஒரு நாள் பேருக்கு ஒரு சம்பளம், பொம்பளைக்கு அதைவிடக் குறைவு. அதே மலை, அதே மழை, அதே அட்டைக்கடி. கொழுந்தில் பாதிக்கு மேலே பெண்கள் கையால் வந்ததுதான். 1984இல் சங்கங்கள் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள் சம்பளம் ஆனது. யாரும் மனமிரங்கிப் போட்டது இல்லை அது.

இனிப் பழைய கதையை விட்டுவிட்டு, நமக்குத் தெரிந்த காலத்துக் கணக்கைப் பார்ப்போம். 2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் நாள் சம்பளம் 730 ரூபா என்றார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. வரவுக்கு 60, உற்பத்திக்கு 140, தேயிலை விலைக்கு 30 என்று மிச்சம் எல்லாம் கொடுப்பனவு. 2019 ஜனவரியில் புதிய ஒப்பந்தம் வந்தது. அடிப்படை 700, விலைப் பங்கு 50, மொத்தம் 750. ஆயிரம் ரூபா கேட்டுப் போராடிய சனத்துக்குக் கையில் கூடினது இருபது ரூபா! லயத்தில் அன்றைக்கு வந்த ஆத்திரம் நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சங்கத்துப் பேரைச் சொன்னாலே ஏசினார்கள். ஏசினதில் நியாயமும் இருந்தது.

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் யாரும் லயத்துக்கு வந்து விளக்கிச் சொல்லாத ஒரு விடயம் இருந்தது. ஈபிஎஃப், ஈடிஎஃப், சர்வீஸ் காசு எல்லாம் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்கப்பட்டன, கொடுப்பனவை வைத்து அல்ல. நாள் சம்பளக்காரருக்குச் சர்வீஸ் காசு ஒரு வருஷத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம். முப்பது வருஷம் வேலை செய்தவருக்கு அடிப்படை 500 என்றால் 210,000 ரூபா வரும், 700 என்றால் 294,000. வித்தியாசம் 84,000. இதைச் சங்கத்தின் பெருமையாகச் சொல்லவில்லை. அடிப்படையைக் கூட்டாமல் கொடுப்பனவை மட்டும் கூட்டிக்கூட்டி வருஷக்கணக்காகக் கையெழுத்துப் போட்டதும் அதே சங்கங்கள்தான். அந்த வருஷங்களில் ஓய்வு பெற்ற சனம் இழந்த காசை யார் திருப்பிக் கொடுப்பது? ஒரு ஒப்பந்தத்தில் எந்த வரி நமக்குச் சோறு போடும், எந்த வரி கண்ணைக் கட்டும் என்று பார்க்கத் தெரிந்த ஆள் நமது பக்கம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கை இங்கே எழுதினோம்.

தம்பியின் கட்சிக்கும் ஒரு நல்ல சாட்சி உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி கறுப்பு உடுப்புப் போட்டுக்கொண்டு மலையகத்து இளைஞர்கள் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்களே, அதைக் கூப்பிட்டது எந்தச் சங்கத் தலைவரும் அல்ல. பேஸ்புக்கில் பேசிப் பேசிச் சேர்ந்த பிள்ளைகள். ஆயிரம் ரூபாக் கோரிக்கை நாடு முழுதும் கேட்டதற்கு அந்தக் கூட்டமும் ஒரு காரணம். நமக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் மறுநாள் அந்தப் பிள்ளைகள் கடைக்கும் ஹோட்டலுக்கும் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு இடமில்லை. சத்தம் போட்டது அவர்கள், கையெழுத்துப் போட்டது வேறு ஆட்கள். இரண்டுக்கும் நடுவிலே ஒரு பாலம் இல்லாமல் போனதுதான் குறை.

2021 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் முடிந்துபோனது, கம்பெனிகள் திரும்பக் கையெழுத்துப் போடவில்லை. அந்த வருஷம் மார்ச்சில் சம்பளச் சபை மூலம் 900உம் 100உம் சேர்த்து ஆயிரம் ரூபா வந்தது. 2024 செப்டெம்பரில் அடிப்படை 1350 ஆனது. 2025 நவம்பரில் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் 1550 என்றும், வரவுக்கு அரசாங்கம் 200 கொடுக்கும் என்றும் சொன்னார்கள். இதையெல்லாம் பார்த்தால் சங்கம் இல்லாமலே வண்டி ஓடுகிற மாதிரித்தான் தெரியும்.

சம்பளச் சபை ஒரு நாள் சம்பளம் எவ்வளவு என்று சொல்லும். இன்றைக்கு இந்த மலையில் எத்தனை கிலோ பறிக்க முடியும் என்று அது சொல்லாது. ஆயிரம் ரூபா வந்த கையோடு பல தோட்டங்களில் கிலோ ஏறியது. பதினாறு பதினெட்டு ஆனது, பதினெட்டு இருபதானது. குறைந்தால் அரைப்பேர். வெயில் காலத்தில், பசளை போடாத மலையில், புல் மண்டிக் கிடக்கிற இடத்தில் இருபது கிலோவுக்கு எங்கே போவது? தண்ணிக்கழிவு, கூடைக்கழிவு என்று தராசடியில் போகிறது வேறு. பழைய கூட்டு ஒப்பந்தத்தில் சம்பளத்தோடு வேலை ஒழுங்கும், பிணக்கு வந்தால் யார் யாரோடு பேசுவது என்ற முறையும் இருந்தன. ஒப்பந்தம் போனதோடு அதுவும் போய்விட்டது. ஆகவே சம்பளம் கொழும்பில் தீர்மானமாகிறது, அந்தச் சம்பளம் முழுதாகக் கைக்கு வருமா என்பது கொழுந்து மடுவத்தில் தீர்மானமாகிறது. கொழுந்து மடுவத்துக்கு அமைச்சர் வரமாட்டார்.

நமக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் ஒரு மாதத்தில் முப்பதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரைப்பேர் விழுந்தது. தனித்தனியாகப் போய்க் கேட்டவர்களுக்கு, "நீ மட்டும் ஏன் பறிக்கல்லே, மத்த ஆள் பறிக்கல்லியா?" என்ற பதில்தான் கிடைத்தது. பிறகு மூன்று சங்கத்துத் தலைவர்மாரும் கொடியை வீட்டில் வைத்துவிட்டு ஒன்றாகக் காரியாலயத்துக்குப் போனார்கள். பறித்த கொப்பிகளை வரிசையாக வைத்தார்கள். அந்த மலையில் ஒருத்தருமே இருபது பறிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. சின்னத்துரை மலையைப் போய்ப் பார்த்தார். அந்த மலைக்குப் பதினாறு என்று ஆனது. அவ்வளவுதான். வேலைநிறுத்தமும் இல்லை, பத்திரிகையில் படமும் இல்லை.

இனிச் சர்வீஸ் காசு விடயம். சட்டப்படி ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, வேலை முடிந்து முப்பது நாளுக்குள் அது கைக்கு வர வேண்டும். தாமதித்தால் தாமதத்துக்குத் தக்கபடி நூற்றுக்குப் பத்து முதல் முப்பது வரை மேலதிகமாகக் கட்ட வேண்டும். எங்கள் பொறுப்பில் இருந்த ஒரு அம்மா முப்பத்தொரு வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றார். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். தோட்டத்தில் பிறந்த முக்கால்வாசிச் சனத்துக்கு உள்ள வியாதிதான் இது. பெயரைத் திருத்துகிற பாரங்களை நாம்தான் நிரப்பிக் கொடுத்தோம். சத்தியக் கடதாசியும் எடுத்தோம். எல்லாம் சரியான பிறகும் ஏழு மாதம் காசு வரவில்லை. நாம் இரண்டு கடிதம் எழுதினோம். இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு, "உங்க வேலை வீடு, தண்ணி, சுகாதாரம்" என்று எமக்கு நாசூக்காகச் சொல்லப்பட்டது. அதற்கு மேலே போக எமக்கு அதிகாரம் இல்லை. உத்தியோகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறோம்.

அந்த அம்மாவைத் தொழில் காரியாலயத்துக்குக் கூட்டிப் போனது தலைவர்தான். ஒரு வருஷமாகச் சந்தா கட்டாதவர் என்று முதலில் முறுமுறுத்தார். பிறகு ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, சொந்தக் காசில் பஸ் ஏறினார். மூன்று தரம் போனார்கள். காசு தவணையாக வந்தது, மேலதிகப் பணத்தில் கொஞ்சம் இன்னும் பாக்கி.

இந்தக் கதையை அந்தத் தம்பியிடமும் சொன்னோம், மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது. சொல்லிவிட்டு, "உங்கள் கடையில் ஈபிஎஃப் எவ்வளவு பிடிக்கிறார்கள்?" என்று சும்மா கேட்டோம். "பிடிக்கிறதில்லீங்க ஐயா. நாப்பதாயிரத்தையும் முழுசாக் கையில குடுத்துர்றாங்க" என்றார். நாலு வருஷமாக அங்கே வேலை. கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினோம். முதலாளி கட்ட வேண்டிய பன்னிரண்டு வீதம் மாதம் 4,800. நாற்பத்தெட்டு மாதத்துக்கு 230,400. ஈடிஎஃப் மூன்று வீதம் சேர்ந்தால் இன்னும் 57,600. வட்டி தனி. தம்பி அந்தக் கடதாசியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "லேபர் ஆபீசுக்குப் போன் போடலாமே?" என்றோம். "போட்டா வேலை போயிரும்ல" என்றார். அந்தக் கடையில் அவரோடு இன்னும் ஒன்பது பேர் வேலை செய்கிறார்களாம். ஏழு பேர் போதும் என்று மேலே எழுதியதை அவர் இந்த இதழில் படிப்பார் என்று நினைக்கிறோம்.

இப்போது வெளியார் உற்பத்தி முறை என்று ஒன்றும் வந்திருக்கிறது. தேயிலையைப் பிரித்துக் குடும்பத்துக்கு இத்தனை மரம் என்று கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்குகிறார்கள். உழைக்கக் கூடிய வீட்டுக்கு நாள் சம்பளத்தைவிடக் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்கள், சில வீடுகளில் கிடைக்கவும் செய்கிறது. ஆனால் கையெழுத்துப் போடும் முன்னர் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய. நாம் இன்னும் தோட்டத்துத் தொழிலாளியா, இல்லையா? இல்லையென்றால் ஈபிஎஃப் யார் கட்டுவது? மருந்து, பசளைக்கு எவ்வளவு கழிப்பார்கள்? கொழுந்து விலையை யார் தீர்மானிப்பது, அது விழுந்தால் என்ன ஆகும்? மலையில் தவறி விழுந்து கால் உடைந்தால் யார் பொறுப்பு? கடதாசி எந்தப் பாஷையில் இருக்கிறது? லயக் காம்பராவில் லாம்பு வெளிச்சத்தில் ஒரு குடும்பம் தனியாக உட்கார்ந்து கேட்கக்கூடிய கேள்விகள் அல்ல இவை. நாற்பது குடும்பம் ஒன்றாகக் கேட்டால் பதில் வரும்.

சங்கங்களின் குறையைச் சொல்லாமல் விட்டால் தலைவர்மாருக்காக எழுதினோம் என்று ஆகிவிடும். 1948இல் பிரசாவுரிமை போய், வாக்கும் போன சனத்துக்கு வேறு வாய் இருக்கவில்லை. சங்கமே கட்சியாகவும் இருந்தது. வாக்கு திரும்பக் கிடைத்த பிறகும் அது பிரியவில்லை. தேர்தல் வந்தால் கொடி ஏறுகிறது, கொழுந்து நிறுக்கையில் தலைவரைக் காணோம். ஒரு தோட்டத்தில் ஐந்து சங்கம். நூற்றுக்கு நாற்பது பேர் அங்கத்தினராக உள்ள சங்கத்தோடு பேச மாட்டேன் என்று முதலாளி மறுக்க முடியாது என்று 1999இல் சட்டம் திருத்தினார்கள். ஐந்தாகப் பிரிந்து நின்றால் எந்தச் சங்கத்துக்கு நாற்பது வரும்? அண்ணன் ஒரு சங்கம், தம்பி ஒரு சங்கம், கோயில் திருவிழாவில் பிணக்கு என்று அதற்காக இன்னொரு சங்கம்.

அடுத்தது பெண்கள். கூட்டத்துக்குப் பாயில் உட்காருவது பெண்கள், கதிரையில் உட்காருவது ஆண்கள். மாதர் தலைவி என்று ஒருவரைப் போட்டு மாலை வாங்கவும் விளக்கேற்றவும் வைத்திருக்கிறார்கள். ஆண்கள் பல வேலைகளை மத்தியானத்தோடு முடித்து வந்துவிட, பெண்கள் அந்தி நிறுவை வரை மலையில் நிற்கிறார்கள். கூட்டம் அந்தி ஐந்து மணிக்கு வைத்தால் அவர்கள் எப்படி வருவது? கிலோப் பிரச்சினை, கழிவுப் பிரச்சினை எல்லாம் அவர்கள் தலையில்தான் விழுகிறது, பேசப் போவது கவ்வாத்து வெட்டுகிற ஆள்.

கணக்கு விடயமும் அப்படியே. தொழிற்சங்கச் சட்டப்படி அங்கத்தினர் எவரும் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கலாம். சங்கம் வருஷா வருஷம் பதிவாளருக்குக் கணக்குக் காட்டவும் வேண்டும். சந்தா கட்டாமல் இருப்பதைவிட, கட்டிவிட்டுக் கணக்கைக் கேட்பது தலைவர்மாருக்குச் சங்கடமான காரியம் என்பது எமது அபிப்பிராயம்.

தம்பி லீவு முடிந்து போவதற்கு முன்னர் ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் கமிட்டிக் கூட்டம் நடந்தது. அவரும் போய்க் கணக்குப் புத்தகத்தைக் கேட்டிருக்கிறார். அது மாவட்டக் காரியாலயத்தில் இருக்கிறதாம், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்தைப் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வைக்க வேண்டும் என்று நாலைந்து பேர் சத்தம் போட்டதில், ஞாயிறு காலை பத்து மணி என்று தீர்மானமாகியிருக்கிறது. தம்பியின் அம்மா இன்னும் சந்தா கட்டவில்லை. காசை முடிந்து வைத்திருக்கிறாராம், புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாராம்.